வாடிக்கையாளர் அல்லாதோர்

"தாராளமாங்க மேடம். யாரு வந்து கேட்டாலும் இல்லேங்கறதில்ல. மனுசனுக்கு மனுசன் இதுகூடச் செய்யலீன்னா எப்படிங்க?" என்றார் ஜவுளிக்கடைக்காரர், மேஜைமேல் உதிர்ந்திருந்த ஊதுபத்திச் சாம்பலை ஒரு விரலால் ஓரத்துக்குத் தள்ளியபடி. துளசிமணி கையிலிருந்த டேப்பின் திரையில் 'ஆம்' என்ற கட்டத்தைத் தொட்டாள். கட்டம் பச்சையானது. காலையிலிருந்து இது பதினோராவது ஆம். பச்சையான அதே நொடியில் அடிவயிற்றை உள்ளேயிருந்து யாரோ சுண்டி இழுத்ததுபோல் இருந்தது. கால்களைச் சேர்த்து நின்றுகொண்டாள். கடைக்காரருக்குப் பின்னால், மாடிப்படிக்குக் கீழே, ஆண், பெண் உருவங்கள் வரைந்த பலகை தொங்கும் கதவு தெரிந்தது. நடந்தால் பன்னிரண்டு எட்டு இருக்கும். பத்தாகவும் இருக்கலாம். பதினான்காவது கேள்வியை அவள் எழுத்துப் பிசகாமல்தான் வாசித்திருந்தாள்: உங்கள் நிறுவனத்தில் உள்ள கழிப்பறையை வாடிக்கையாளர் அல்லாதோர் பயன்படுத்த அனுமதிப்பீர்களா? அனுமதிப்பேன் என்று அவர் வாயால் சொல்லியாகிவிட்டது. அவள் வாடிக்கையாளர் அல்லாதவள்தான். இங்கே துணி எடுக்க வரவில்லை, எடுக்கப் போவதும் இல்லை. அப்படியென்றால் அவர் சொன்ன யாரு வந்து கேட்டாலும் என்பதில் அவளும் இருக்க வேண்டும். "அண்ணா, அப்படீன்னா..." என்று தொடங்கினாள். "சொல்லுங்க மேடம், இன்னும் கேள்வி இருக்குதா?" அவர் முகத்தில் பதில் சொல்லிப் பழகிவிட்டவரின் தெம்பு இருந்தது. இருக்குதுங்க என்று தன் வாய் சொல்வதைக் கேட்டாள். பதினைந்தாவது கேள்வியை வாசித்தாள். கழிப்பறையைச் சுத்தம் செய்வது யார்? "அதுக்கு ஆள் வருதுங்க" என்றார். ஆள் என்று அவள் குறித்துக்கொண்டாள். வெளியே வந்து செருப்பை மாட்டும்போதுதான், ஏன் கேட்கவில்லை என்ற கேள்வி வந்தது. அதற்குக் கட்டங்கள் எதுவும் இல்லை.

கடைவீதி வெயிலில் கிடந்தது. மஞ்சள் மண்டிப் பக்கமிருந்து வந்த காற்று தொண்டையை அரித்தது. வீதிக் கடைசியில் இருந்த பொதுக் கழிப்பறையை இடித்துவிட்டு, புதிதாகக் கட்டப்போவதாகச் சுற்றிலும் தகரம் அடித்து எட்டு மாதம் ஆகிறது. தகரத்தின்மேல் கண் மருத்துவமனை விளம்பரம்கூட ஒட்டிவிட்டார்கள். புதுசு வரும்வரை கடைக்காரர்கள் தங்கள் கழிப்பறையைத் திறந்துவிடச் சம்மதிப்பார்களா என்று கேட்டுவரத்தான் ஏதோ ஒரு தொண்டு நிறுவனம் துளசிமணியைப் போன்ற ஏழு பெண்களை அனுப்பியிருந்தது. ஒருத்திக்கு ஒரு நாளைக்கு இருபத்திநாலு கடை. கடைசியாக ஒன்றுக்குப் போனது வீட்டில், ஆறே முக்காலுக்கு. இப்போது பன்னிரண்டே கால். அப்படியென்றால் ஐந்தரை மணிநேரம். இதற்காகத்தான் காலையில் தண்ணீரே குடிப்பதில்லை. பஸ்ஸில் வரும்போது பாட்டிலைத் திறந்து நாக்கை மட்டும் நனைத்துக்கொள்வாள். ஆடு மேய்க்கிறவர்களுக்குக் கூட ஒரு மறைவு உண்டு, கணக்கெடுக்கிறவளுக்குக் கிடையாது என்று தோன்றியது. போன வருடம் காய்ச்சலும் கடுப்புமாய்ப் போய் நின்றபோது, டாக்டரம்மா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "அடக்குவீங்களா?" என்று கேட்டாள். இவள் சிரித்தாள். "சிரிக்காதீங்க. மூணு லிட்டர் குடிங்க. வந்தா போங்க. அடுத்த தடவை கிட்னிக்கு ஏறிடும், அப்புறம் என்கிட்ட வந்து பிரயோசனம் இல்ல." வந்தா போங்க. எங்கே என்று டாக்டரம்மா சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை. இரண்டு நாளாக இடுப்புக்குப் பின்னால் வலதுபக்கம் ஒரு வலி இருக்கிறது. அது டேப் பையைத் தூக்குகிற வலியா அல்லது அந்த வலியா. பையை இடது தோளுக்கு மாற்றிப் பார்த்தாள். வலி வலதிலேயே இருந்தது. பயிற்சி வகுப்பில் செபாஸ்டின் சார் மைக்கைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "யார்கிட்டயும் எதையும் வாங்காதீங்க. பேனா குடுத்தா வேண்டாம். தண்ணி குடுத்தா வேண்டாம். ஒரு உதவி கேட்டாக்கூட அவங்க உங்களுக்காகப் பதிலை மாத்திச் சொல்லுவாங்க. நீங்க அங்க ஒரு ஆளே இல்லம்மா, வெறும் கேள்வி." அப்புறம் விரலை உயர்த்தி, "அவங்க சொல்றதுதான் பதில். நீங்க பாக்குறது பதில் இல்ல" என்றார். எல்லோரும் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். நல்ல வாக்கியமாகத்தான் இருந்தது. வெறும் கேள்வி. கேள்விக்கு ஏது மூத்திரம் என்று இப்போது நினைத்ததும் சிரிப்பு வந்தது. சிரித்தால் ஆபத்து என்று உடம்பு உடனே சொன்னது.

பேக்கரிக்குத் திரும்பிப் போகலாம். பத்து மணிக்கு அங்கே கணக்கெடுத்தாகிவிட்டது, அனுப்பியும் ஆகிவிட்டது. இனி அவர்கள் பதில் மாற வழியில்லை. அதனால் இப்போது கேட்டால் விதியை மீறியது ஆகாது. ஆகுமா? முதலாளி ஆமாம் என்று சொன்னவர்தான். ஆனால் சும்மா போய்க் கேட்பதைவிட ஒரு பப்ஸ் வாங்கிவிட்டால் வாடிக்கையாளர் ஆகிவிடலாம். அப்புறம் அனுமதிப்பீர்களா என்ற பேச்சே இல்லை, உரிமை. ஆனால் பதினான்காவது கேள்வி வாடிக்கையாளர் அல்லாதவர்களுக்கானது. பப்ஸ் வாங்கியபின் அவளுக்கு அதில் இடமில்லை. எதில் நிற்பது என்று தெரியாமலே முட்டை பப்ஸ் ஒன்று வாங்கிக் கையில் வைத்துக்கொண்டாள். முதலாளி இல்லை. கல்லாவில் இருந்த இளைஞன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். "தம்பி, பாத்ரூம்..." என்றாள். அவன் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தண்ணி வரலீங்களேக்கா." சொல்லி முடிக்கவில்லை, பின்பக்கக் கதவைத் திறந்துகொண்டு மாவு பிசைகிறவர் ஈரக் கையை லுங்கியில் துடைத்தபடி வந்தார். இளைஞன் அவரையும் பார்க்கவில்லை. துளசிமணிக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவள் சரிங்க என்று சொல்லிவிட்டுப் பப்ஸோடு படியிறங்கினாள். அவன் சொன்ன சொல்லை எங்கேயோ கேட்டிருக்கிறோம் என்றுதான் பட்டது. தண்ணி வரலீங்களே. அந்த இழுப்போடு. வருத்தப்படுவதுபோல, வரவேண்டிய தண்ணீர் வராததற்கு எதிராளியைவிடத் தனக்கே அதிக நஷ்டம் என்பதுபோல. பெட்டிக்கடை நிழலில் நின்று பப்ஸை ஒரு கடி கடித்தபோது, கேட்டதில்லை, சொன்னதுதான் என்று தெரிந்தது. சொன்னது அவளே.

குப்பை வண்டிக்காரி. பச்சைக் கோட்டு, தலையில் துண்டு, விசில் கழுத்தில். பெயர் தெரியாது. இரண்டு வருடமாகத் தினமும் வருகிறவளின் பெயரைக் கேட்கவில்லை. ஒருநாள் காலை வாசல் கேட்டுக்குள் ஒரு கால் வைத்து, மற்றொரு கால் வெளியிலேயே இருக்க, "அக்கா, பாத்ரூம் ஒரு நிமிசம் போயிக்கட்டுங்களா?" என்று கேட்டாள். வீட்டுக்குள்கூட இல்லை, பக்கவாட்டுச் சந்தில் தனியாக இருக்கிற பாத்ரூம்தான். துளசிமணி "தண்ணி வரலீங்களே" என்று சொல்லிவிட்டாள். யோசித்துச் சொல்லவில்லை. வாய்க்குள் முன்பே யாரோ வைத்துவிட்டுப் போனதுபோல அது வெளியே வந்தது. வண்டிக்காரி "செரிங்க்கா" என்றாள். கேட்டுக்குள் வைத்த காலை எடுத்துக்கொண்டாள். மறுநாளும் வந்தாள், அதேபோல விசில் அடித்தாள், அதேபோல வாளியை வாங்கிக்கொட்டினாள். ஆனால் அன்று நிஜமாகவே தண்ணீர் வராத நாளாக இருந்திருக்கலாம். அதை எத்தனையோ முறை கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறாள். தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள். அன்று மகள் காலேஜுக்குப் போகவில்லை, கூடத்தில் உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தாள், அப்படியென்றால் சனி. சனி தண்ணீர் வந்தால் திங்கள், புதன், வெள்ளி. அடுத்த சனி வராது. ஒரு வாரம் சனி வரும், ஒரு வாரம் வராது. எந்த வாரம்? மகளைக் கேட்டாள். "என்னிக்கும்மா?" என்றாள். "குப்பக்காரம்மா பாத்ரூம் கேட்டாங்களே, அன்னிக்கு." "கேட்டாங்களா?" என்றாள் அவள். வராத வாரமாக இருந்தால் சொன்னது உண்மை. உண்மை சொன்னதற்காக யாரும் தன்னைக் குடைந்துகொள்ள வேண்டியதில்லை. வந்த வாரமாக இருந்தால் பொய். ஆனால் பொய் சொல்ல அவளுக்குக் காரணம் என்ன இருந்தது? அதே மாதம் கேபிள் ஒயர் மாட்ட வந்த பையன் கேட்கக்கூட இல்லை, நேராகப் போனான், அவனுக்குப் புதுச் சோப்புப் பிரித்துக் கொடுத்தாள். இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் கணக்கு வேறு பக்கம் போய்விடும். சனியா, ஞாயிறா. ஞாயிறு என்றால் வண்டி வராதே. அதனால் பொய்யாக இருக்க முடியாது. அல்லது.

பன்னிரண்டாவது கடை விதைக்கடை. வாசலில் அடுக்கியிருந்த வேப்பம் புண்ணாக்கு மூட்டையில் கையை ஊன்றித்தான் படியேறினாள். உள்ளே பூச்சிமருந்து வாடை. சென்னியப்பன் என்று பெயர் சொன்னவருக்கு அறுபது தாண்டியிருக்கும். தராசுக்குப் பின்னால் நின்று, ஒவ்வொரு கேள்விக்கும் சாட்சி சொல்கிறவர்போல நிதானமாகப் பதில் சொன்னார். பதினான்காவது கேள்விக்கு ஒரு கணம் அவளைப் பார்த்தார். "இல்லீங்க. உடறதில்லீங்க" என்றார். துளசிமணி நிமிர்ந்தாள். மறுபடி வாசிக்க வேண்டுமோ என்று பார்த்தாள். "நல்லாத்தான் கேட்டுச்சு அம்மிணி. இல்லைன்னே போட்டுக்குங்க. போன பங்குனில சந்தைக்கு வந்த ஒருத்தர உட்டனுங்க. துணியோ என்னமோ உள்ள போட்டு அமுக்கிப்போட்டுப் போயிட்டாரு. மூணு நாளு அடைச்சுக் கெடந்துச்சு. கூப்பிட்டா ஆரு வர்றா? இந்தக் கைய உட்டு எடுத்தது நானுங்க. எங்கூட்டுக்காரி ஒரு வாரம் எனக்குச் சோத்தப் பெசஞ்சு குடுக்கல, நீயே தின்னுக்கோன்னுட்டா." அவர் சிரித்தார். "அப்பறம் இன்னொண்ணுங்க. இங்க எல்லாரும் ஆமான்னுதான் சொல்லியிருப்பாங்க. சொல்லிப்போட்டு, ஆராச்சும் வந்தா தண்ணி வரலீன்னுருவாங்க. எனக்கு அந்த வாய் வராதுங்க." அவள் குனிந்து 'இல்லை'யைத் தொட்டாள். இன்றைய முதல் சிவப்பு. தொட்டவுடன் ஏனோ மனசு லேசானதுபோல் இருந்தது. இந்த ஒருவர் சொல்வதற்கும் செய்வதற்கும் இடையில் சந்து எதுவும் இல்லை, அங்கே ஒளிந்து நிற்க வேண்டியதும் இல்லை. அனுப்பு என்ற பொத்தானை அழுத்தியபோது அவர், "அம்மிணி, நீங்க போகோணுங்களா? மூஞ்சி ஒரு மாதிரியா இருக்குது" என்றார். "இல்லீங்க, இல்லீங்க" என்று அவள் இரண்டு முறை சொன்னாள். நன்றிங்க என்றாள். படியிறங்கி, மூட்டையைத் தாண்டி, வெயிலுக்குள் வந்துவிட்டாள்.

என்ன செய்தோம். இல்லீங்க என்று சொன்னது யார். ஐந்தரை மணிநேரமாக, இல்லை இப்போது ஆறு, ஒரே ஒரு ஆள் கேட்க மாட்டானா என்று நடந்துவிட்டு, கேட்டபோது வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாள். தண்ணி குடுத்தா வேண்டாம், பேனா குடுத்தா வேண்டாம். ஆனால் பொத்தானை அழுத்தியாகிவிட்டதே, அவர் பதில் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டதே. போயிருந்தால் அவர் சொன்ன இல்லை பொய்யாகியிருக்கும், அதனால் அவருக்காகத்தான் மறுத்தோமோ. அவர் பதிலைக் காப்பாற்ற? அப்படி நினைக்க நன்றாகத்தான் இருந்தது, ஆனால் உடம்பு நம்பவில்லை. ஆமாம் என்றவர்கள் கதவைத் திறக்கவில்லை. இல்லை என்றவர் திறக்கிறேன் என்றார். வேண்டும் என்பவள் வேண்டாம் என்றாள். இதில் எது பதில்? அவங்க சொல்றதுதான் பதில். அப்படியென்றால் துளசிமணிக்கு ஒன்றுக்கு வரவில்லை. கடைவீதியில் எல்லோரும் நல்லவர்கள். விதைக்கடைக்காரர் மட்டும் கல்நெஞ்சுக்காரர். இதை யாரோ ஓர் அறையில் உட்கார்ந்து படமாகப் போடுவார்கள், பெரிய பச்சை வட்டத்தில் ஒரு சின்னச் சிவப்புக் கீற்று. பாத்திரக்கடைச் சுவரோடு ஒட்டி நின்றாள். முன் பக்கம் முழுக்க எவர்சில்வர் குடங்கள். ஒவ்வொரு குடத்திலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒருத்தி. இப்போது நடந்தால் நடக்கும், நின்றால் நிற்கும், தும்மினால் முடிந்தது. சேலை என்ன நிறம் என்று குனிந்து பார்த்தாள். வெளிர் ரோஜா. இன்றைக்குப் போய் இதைக் கட்டினாளே. பஸ்ஸில் ஒன்றே கால் மணிநேரம் இந்தச் சேலையோடு. பையை முன்னால் பிடித்துக்கொள்ளலாம். பின்னால்? போன் அடித்ததும் உடம்பு முழுக்கத் திடுக்கிட்டு, நல்ல வேளை, திடுக்கிட்டதோடு நின்றது. மேற்பார்வை பார்க்கிற ஷர்மிளா. மகள் வயதுதான். "அக்கா, உங்க புள்ளி மேப்ல ரொம்ப நேரமா ஒரே எடத்துல நிக்குதே. எந்தக் கடையில டீ?" "இல்ல ஷர்மி, நடந்துட்டுத்தான் இருக்கேன்." "சரி விடுங்க. ஒரு விதைக்கடைக்கு இல்லைன்னு போட்டிருக்கீங்க. வீதி பூரா ஆமான்னு வந்துட்டு ஒண்ணு மட்டும் இல்லைன்னு வந்தா மறுபடி கேக்கணும்க்கா, ரூல்ஸ். கை தவறிப் பட்டிருக்கும். போயி ஒருவாட்டி கேட்டுட்டு உறுதின்னு அழுத்திருங்க." "கை தவறலம்மா." "தெரியும்க்கா. இருந்தாலும்." போனை வைத்தாள். இல்லை என்பதை மட்டும் ஏன் இரண்டு முறை கேட்கிறார்கள்? ஆம் என்பதை ஒருவரும் திரும்பப் போய்க் கேட்பதில்லை. அந்த எண்ணத்தின் வாலைப் பிடிப்பதற்குள், கால்கள் விதைக்கடைப் பக்கம் திரும்பியிருந்தன. போக ஒரு காரணம் கிடைத்துவிட்டது. அவர் மறுபடி அதே கேள்வியைக் கேட்பார். அம்மிணி, போகோணுங்களா. இந்த முறை என்ன சொல்ல வேண்டும் என்று வாயை ஒத்திகை பார்த்துக்கொண்டே நடந்தாள். ஆமாங்க. ஆமாங்க.

அவர் இல்லை. தராசுக்குப் பின்னால் ஒடிசலாக ஓர் அம்மாள் உட்கார்ந்து, சொளகில் பரப்பியிருந்த அவரை விதைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். "அவரு சோறு உங்கப் போயிருக்காரு. என்ன வேணும் கண்ணு?" என்றாள். ஒத்திகை பார்த்த ஆமாங்க, கேட்பதற்கு ஆளில்லாமல் வாயிலேயே நின்றது. துளசிமணி டேப்பை எடுத்தாள். "உங்கள் நிறுவனத்தில் உள்ள கழிப்பறையை வாடிக்கையாளர் அல்லாதோர் பயன்படுத்த அனுமதிப்பீர்களா?" என்று வாசித்தாள். அம்மாள் பொறுக்குவதை நிறுத்தவில்லை. "ஏனுங் கண்ணு, அதான் அவரு சொல்லியிருப்பாரே. வெளியாளுகள உடறதில்லை." துளசிமணி 'உறுதி' என்பதை அழுத்தினாள். திரையில் நன்றி என்று வந்தது. வேலை முடிந்துவிட்டது. போகலாம். அவள் போகவில்லை. ஒரு பூச்சி விழுந்த விதையை அம்மாள் எடுத்து வெளியே சுண்டிவிட்டு, நிமிர்ந்தாள். "இன்னும் என்னத்துக்கு நிக்கற? ஆருக்குக் கேக்கறாங்க இதெல்லாம்?" துளசிமணிக்குப் பதில் தெரியும். தொண்டு நிறுவனத்துக்கு, பொதுமக்களுக்கு, நகராட்சிக்கு. பயிற்சி நோட்டில் அதற்கான வரிகூட இருக்கிறது. இடுப்புக்குப் பின்னால் வலி ஒரு முறை சுற்றிக்கொண்டு வந்தது. நோட்டில் இருந்த வரி முழுவதும் மறந்துபோயிற்று. "எனக்குங்க" என்றாள். சொன்னபிறகு அது என்ன சொல் என்று ஒரு கணம் புரியவில்லை. கண்ணில் நீர் வந்துவிட்டது. அம்மாள் அவளை மேலிருந்து கீழ்வரை ஒரு தடவை பார்த்தாள். சொளகை இறக்கி வைத்தாள். தராசுக்கு மேலே ஆணியில் தொங்கிய சாவியை எடுத்து நீட்டினாள். "இத முன்னாடியே சொல்றதுக்கு என்ன? அந்தப் பொட்டிய இங்க வெச்சுட்டுப் போ, நனஞ்சு போயிரும்." துளசிமணி டேப்பை வைத்தாள். கழுத்திலிருந்த அடையாள அட்டையையும் கழற்றி அதன்மேல் வைத்தாள். மூட்டைகளுக்கு இடையில் நான்கு எட்டு போயிருப்பாள், பின்னாலிருந்து குரல் வந்தது. "கண்ணு, தண்ணி வரல." அவள் நின்றாள். "கொழாயில வரல. ட்ரம்முல இருக்குது, மொண்டு ஊத்திக்கோ."

சின்ன அறை. தாழ்ப்பாள் இருந்தது, சரியாகவும் விழுந்தது. மூலையில் நீல ட்ரம், மூடிபோட்டு, மூடிமேல் கவிழ்த்துவைத்த சிவப்புச் செம்பு. முதலில் எதுவும் வரவில்லை. அடக்கி அடக்கி உடம்புக்கே வழி மறந்துவிட்டதுபோல. அப்புறம் எரிச்சலோடு வந்தது, வந்துகொண்டே இருந்தது. கண்ணை மூடி, நெற்றியைச் சுவரில் சாய்த்துக்கொண்டாள். எழுந்து மூடியைத் தூக்கியபோது தண்ணீர் கழுத்துவரை இருந்தது. மேலே அவள் முகம் அசைந்து, தெளிந்து, நின்றது. தன் வீட்டுச் சந்தில் இருக்கிற பாத்ரூமிலும் நீல ட்ரம்தான். வாரத்தில் பாதி நாள் தண்ணீர் வராது என்றுதான் வாங்கியது. முந்தின நாள் சாயங்காலமே டியூபை மாட்டி, விளிம்பைத் தொடும்வரை நின்று பிடிப்பவள் அவள்தான். ஒருநாளும் தவறியதில்லை. வராத நாளில்தான் அது நிறைந்திருக்கும். சனியோ, வெள்ளியோ. வந்த வாரமோ, வராத வாரமோ. செம்பு கையிலேயே இருந்தது. மொள்ளத் தோன்றாமல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வெளியே காலடி வந்து கதவுக்குப் பக்கத்தில் நின்றது.

"என்ன கண்ணு, சத்தத்தையே காணோம்? தண்ணி இருக்குதா, இல்லியா?"

"இருக்குதுங்க" என்றாள். குரல் வெளியே கேட்டிருக்காது என்று பட்டது. இன்னொரு முறை, கொஞ்சம் உரக்கச் சொன்னாள். "நெறைய இருக்குதுங்க."